இடது கணுக்கால், இரண்டாம் துளை

"நவம்பர் 96. அருமைக்காரர். நெஞ்சு வலி என்றார். இடது கணுக்கால் – இரண்டாம் துளை."

என்னிடம் இருக்கும் ஒரு பழைய ஈ.சி.ஜி. தாளின் ஓரத்தில் என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது. தாளில் ஓடிய கோடு ஏறக்குறைய மறைந்துவிட்டது. சூட்டினால் கோடு விழும் தாள் அது, வருஷம் போகப் போக வெளுத்துவிடும். பேனாவால் எழுதியது மட்டும் நிற்கிறது. மாதத்துக்கு முன்னால் நாளையும் எழுதியிருந்தேன். மூலை கிழிந்ததில் அது போயிற்று. கையில் வரும் துண்டுக் காகிதத்துக்கெல்லாம் தேதி போட்டு வைக்கிறவனுக்கு இது சின்ன வருத்தம் அல்ல.

போன மாதம் பழைய மருத்துவமனைக்கு ஒரு வேலையாகப் போனபோது, இப்போது என் இடத்தில் இருக்கும் பெண் கேட்டாள். "காய்ச்சல், மூச்சு இரைப்புன்னு வந்து படுக்கறவங்களுக்கு இப்பெல்லாம் ரத்தம் உறையாம இருக்க வயித்துல ஊசி போடறாங்க பாய். கொரோனாவுக்கு அப்புறம் இது ரொம்ப சகஜம். உங்க காலத்துல போட மாட்டாங்களா?"

"காய்ச்சலுக்குன்னு போட மாட்டாங்கம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் இந்தத் தாளைத் தேடி எடுத்தேன்.

என் அப்பாவுக்குக் கோயமுத்தூர் கோட்டைமேட்டில் பூட்டு பழுது பார்க்கும் வேலை. எனக்குப் பூட்டைவிடப் புத்தகம் பிடித்தது. படிப்பு பாதியில் நின்றதும், நகரத்துக்குள் இருந்த ஓர் அறக்கட்டளை மருத்துவமனையில் வார்டு உதவியாளனாகச் சேர்ந்தேன். ஈ.சி.ஜி. எடுப்பவர் வெளிநாடு போய்விட, அந்த இயந்திரம் என் கைக்கு வந்தது. ஓய்வு பெறும்வரை அதுதான் என் வேலை.

வேலை பார்க்க எளிது. மின்விசிறியை நிறுத்த வேண்டும். நோயாளியைச் சுவரில் படாமல் மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். இரண்டு மணிக்கட்டிலும் இரண்டு கணுக்காலிலும் களிம்பு தடவி, உலோகத் தகட்டை வைத்து ரப்பர் பட்டையால் இறுக்க வேண்டும். பட்டையில் வரிசையாகத் துளைகள் இருக்கும், தகட்டின் குமிழை ஏதாவது ஒரு துளையில் மாட்ட வேண்டும். பிறகு நெஞ்சில் ஆறு இடத்தில் ரப்பர் குமிழ்கள். வலது கைக்குச் சிவப்பு வயர், இடது கைக்கு மஞ்சள், இடது காலுக்குப் பச்சை, வலது காலுக்குக் கறுப்பு. சேர்ந்த புதிதில் ஒருமுறை சிவப்பையும் மஞ்சளையும் மாற்றிக் கொடுத்துவிட்டேன். பெரிய டாக்டர் தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க பாய், இவருக்கு இருதயம் வலப்பக்கம் இருக்குதுங்களா? இல்ல, நீங்க இன்னும் டீ குடிக்கலீங்களா?"

பெரிய டாக்டர் என்றுதான் எல்லாரும் அவரைச் சொல்வோம். காங்கயம் பக்கத்து விவசாயக் குடும்பம். எவ்வளவு படித்திருந்தாலும் பேச்சில் ஊர் போகவில்லை. வார்டு அட்டெண்டரையும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கட்டில் கட்டிலாக வருவார். ஸ்டெதஸ்கோப்பை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிக்கொண்டு, "தொட்டுப் பாக்கலாங்களா?" என்று கேட்ட பிறகே வைப்பார். என் தாள்களை ஜன்னல் திண்டில் நீளமாக விரித்து, பள்ளிக்கூடத்துக் கவராயம் போன்ற ஒன்றால் அலைக்கு அலை அளப்பார். அளந்து முடிக்கும்வரை யாரும் பேசக் கூடாது.

அவருக்கு ஒரு நம்பிக்கை உண்டு: நெஞ்சில் சிக்கல் என்றால் படுக்கை. மாரடைப்பு வந்தவர்களை வாரக் கணக்கில் அசையாமல் படுக்க வைத்த காலத்தில் அவர் படித்தவர். மூச்சு முட்டும் காய்ச்சல்காரர்களுக்கும் அதையே சொல்வார். "கட்டலை உட்டுக் கால் கீழ படக் கூடாதுங்க." வார்டில் அது சட்டம்.

அந்த வருஷம் ஐப்பசி மழையோடு காய்ச்சல் வந்தது. ஒரு வீட்டில் ஒருவர் இருமினால் நாலைந்து நாளில் வீடு முழுக்க இருமும். என்ன கிருமி என்று சோதிக்க எங்களிடம் வழி இல்லை. 'வைரல் ஃபீவர்' என்று எழுதுவோம், அவ்வளவுதான். பெரும்பாலானோர் எழுந்து போய்விட்டார்கள். சிலருக்குச் சளி நுரையீரலுக்கு இறங்கியது. அப்படி இறங்கித்தான் அருமைக்காரர் வந்தார்.

பவானியிலிருந்து கொஞ்சம் உள்ளே அவருடைய ஊர். மகன் பீளமேட்டில் ஒரு பம்ப்செட் பட்டறையில் இருந்ததால் இங்கே கொண்டு வந்திருந்தார்கள். அருமைக்காரர் என்பது அவர் பெயர் அல்ல, பொறுப்பு. கொங்கு வேளாளர் கல்யாணங்களில் சீர் எனப்படும் சடங்குகளை முன்னின்று நடத்தி வைக்கும் பெரியவரை அப்படிச் சொல்வார்கள். நினைத்தவர்கள் ஆகிவிட முடியாது, அதற்கென்று தனிச் சீர் செய்துகொண்டிருக்க வேண்டும். அவரும் அவர் மனைவியும் அப்படிச் செய்துகொண்டவர்கள். ஒல்லியான, நிமிர்ந்த மனிதர். சீர் தொடங்கினால் முடியும்வரை சம்மணம் பிரிக்காமல் உட்கார்ந்திருப்பார் என்று மகன் பெருமையாகச் சொன்னான்.

முதல் தடவை பட்டை கட்டும்போது, "ஏனுங்க பாய், கையுங் காலும் சேத்துக் கட்டறீங்க? நானென்ன ஓடியா போயிருவன்?" என்றார். கணுக்காலைத் தொட்டதும் கூசிப் போனார். என் கையைத் தொட்டுத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "என்ற காலைப் போயி நீங்க தொடறீங்களே. மன்னிச்சுப்போடுங்க."

அவர் மனைவி பக்கத்து ஸ்டூலில் இருந்தார். "தொட்டா ஒண்ணும் தேஞ்சு போவாது, சும்மா படுங்க. ஊட்டுல இந்தக் காலை நீட்டறதுக்குத் தாவாரம் பத்தாது பாய். டாக்டரக் கண்டா மட்டும் புது மாப்பிள்ளையாட்டப் பயபக்தி."

அந்த அம்மா சொன்னது உண்மை. ரவுண்ட்ஸ் வரும் சத்தம் கேட்டாலே அவர் எழுந்து உட்காருவார். இரண்டு காலையும் போர்வைக்குள் இழுத்து மடக்கிக்கொள்வார். பெரியவர்களுக்கு எதிரே காலை நீட்டுவது அவருக்கு முடியாத காரியம். பெரிய டாக்டர், "எப்படி இருக்கறீங்க?" என்பார். "உங்க புண்ணியத்துல நல்லாருக்கறனுங்க" என்று இவர் கும்பிடுவார். நல்லாருக்கிறேன் என்று சொல்வது அவருக்குப் பதில் அல்ல, மரியாதை. பெரிய டாக்டர் அந்த மண்ணின் மனிதர்தான், இருந்தும் அதைப் பதிலாகவே எடுத்துக்கொண்டார். கேஸ் ஷீட்டில் 'தொந்தரவு எதுவும் இல்லை' என்று ஏறும்.

காய்ச்சல் விட்டது. இருமல் குறைந்தது. வீட்டுக்கு அனுப்புவதைப் பற்றிப் பேச்சு தொடங்கிய சமயத்தில் ஒரு காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றார். அதுவும் டாக்டரிடம் சொல்லவில்லை, பெஞ்சாதியிடம் சொல்லி, அவர் சிஸ்டரிடம் சொல்லி, என்னைக் கூப்பிட்டார்கள். அன்று எடுத்த தாள்தான் என்னிடம் இருப்பது.

பச்சை வயர்ப் பட்டை அவருடைய இடது கணுக்காலுக்கு எட்டவில்லை. வழக்கமாக நுனியிலிருந்து மூன்றாம் துளையில் மாட்டுவேன். அன்று இழுத்துப் பிடித்தும் இரண்டாம் துளைக்குத்தான் வந்தது. ரப்பர் வெடித்துப்போன பழைய பட்டை. புதிது கேட்க வேண்டும் என்று ஞாபகத்துக்காகத் தாள் ஓரத்தில் எழுதினேன். பெரிய டாக்டர் ஜன்னலில் தாளை அளந்து முடித்ததும், "எழுதி வச்சிருக்கறது என்னங்க பாய்?" என்றார்.

"பட்டை பழசாயிருச்சு சார், சுருங்கிப் போச்சு. எடது காலுக்கு எட்ட மாட்டேங்குது."

"வலது காலுக்கு?"

"அது எட்டுது சார்."

"ரண்டும் ஒரே நாள்ல வாங்குன பட்டைதானுங்களே?"

கவராயத்தை வைத்துவிட்டு நடந்தார். பின்னால் ஓடினேன். அருமைக்காரர் வழக்கம்போலக் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்.

"காலை நீட்டுங்க."

"இருக்கட்டுமுங்க. நல்லாருக்கறனுங்க."

"நான் பாக்கோணும். நீட்டுங்க."

"உங்க மூஞ்சிக்கு நேராவுங்களா? தப்புங்க."

பெரிய டாக்டர் சுற்றி வந்து, கட்டிலின் பக்கவாட்டில் நின்றார். "இப்ப நேரா இல்லீங்க. நீட்டுங்க." அப்புறம்தான் கால் வெளியே வந்தது. இடது கெண்டைக்கால் வலதைவிடப் பருத்து, பளபளவென்று இருந்தது. பெரிய டாக்டர் விரலால் மெதுவாக அழுத்தினார். அருமைக்காரர் முகம் சுளித்தார். "எத்தனை நாளா?" என்று டாக்டர் கேட்டார். அவர் சொல்லவில்லை. அந்த அம்மா சொன்னார்: "ரண்டு மூணு நாளா நோவுதுன்னு சொன்னாருங்க. படுத்தே கெடக்கறதால மரத்துப் போச்சுன்னு நெனச்சோம்."

காலின் உள் ரத்தக் குழாயில் ரத்தம் கட்டியிருக்கிறது, அது நழுவி மேலே போனால் நுரையீரலை அடைக்கும் என்று பெரிய டாக்டர் மகனுக்கு விளக்கினார். அன்றே ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து தொடங்கினார்கள். காலைப் பிடித்துவிடக் கூடாது, மடக்கக் கூடாது, அசைக்கக் கூடாது. நெஞ்சு வலியைப் பற்றி மட்டும் டாக்டருக்குத் தெளிவு வரவில்லை. தாளில் சின்ன மாற்றம் இருந்தது. அது மாரடைப்பின் தொடக்கமா, நுரையீரலுக்கு ஏற்கெனவே போய்விட்ட ஒரு சின்னக் கட்டியா? "ரண்டுக்கும் இடம் இருக்குதுங்க" என்றார். அதை உறுதி செய்யும் ஸ்கேன் வசதி எங்களிடம் இல்லை. அந்த வசதி இருந்த இடத்துக்கு அருமைக்காரரை ஏற்றி இறக்கிக் கொண்டுபோகப் பயந்தார்.

இந்த நேரத்தில்தான் அவர் நடத்தி வைக்க வேண்டிய ஒரு கல்யாணம் வந்தது. கார்த்திகை முதல் முகூர்த்தம், கோயமுத்தூரிலேயே மண்டபம். பெண்ணின் அப்பா அம்மா கல்யாணத்தை நடத்தி வைத்தவர் இவர்தான். பெண் பிறந்தபோதே, "உன்ற கல்யாணத்துக்கும் நாந்தான் கண்ணு" என்று சொல்லியிருக்கிறார். பெண்ணின் அப்பா பெரிய டாக்டர் அறைக்கு வந்து நின்றார். நான் தாள்களோடு நின்றிருந்தேன்.

"ஒரு மணி நேரமுங்க. கார்ல படுக்க வச்சே கூட்டீட்டுப் போயிக் கூட்டீட்டு வந்தர்றோம்."

"அனுப்ப மாட்டனுங்க."

"சீரை வேற அருமைக்காரரு பாத்துக்குவாருங்க. இவரு சும்மா உக்காந்திருந்தாப் போதும்."

"உக்காரத்தானுங்க கூடாது."

 பெண்ணின் அப்பா, "செரீங்க. அவரு வர வேண்டாம். தாலி கட்டுனதும் பொண்ணு மாப்பிள்ளை இங்க வந்து கும்புட்டுக்கறாங்க. அதுக்குத் தடை சொல்லாதீங்க" என்றார்.

பெரிய டாக்டர் ஜன்னலைப் பார்த்தார். அவருடைய கல்யாணத்தையும் ஓர் அருமைக்காரர்தான் நடத்தியிருப்பார். "படுத்தபடியே ஆசீர்வாதம் பண்ணட்டுமுங்க. காலை மடக்கக் கூடாது. நான் கூட நிக்கறன்" என்றார்.

முகூர்த்த நாள் முற்பகலில் அவர்கள் வந்தார்கள். எதிர்க் கட்டில்காரருக்கு ஈ.சி.ஜி. எடுத்து முடித்து, வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தேன். மருந்து நெடிக்கு நடுவே மல்லிகை வாசம் வந்தது. தாலிச் சரட்டின் மஞ்சள் ஈரம் பெண்ணின் கழுத்தில் இறங்கியிருந்தது. சிஸ்டர்கள் கூடிவிட்டார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் கட்டிலின் கால்மாட்டுக்குப் போய்க் குனிந்தார்கள். அவர்கள் முகம், நீட்டியிருந்த அவருடைய பாதங்களுக்கு நேரே வந்தது.

அருமைக்காரர் சட்டென்று எழுந்து உட்கார்ந்தார். இரண்டு காலையும் இழுத்துச் சம்மணம் போட்டார்.

"அய்யா, படுங்க!" என்றார் சிஸ்டர்.

"இருங்க அம்மணி. காலை நீட்டிக்கிட்டா அச்சதை போடுவாங்க? நல்ல நாளு."

பெரிய டாக்டர் இரண்டு எட்டுத் தூரத்தில் நின்றிருந்தார். ஓர் எட்டு முன்னால் வைத்தார். அதற்குள் பெண் விழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்த இடத்தில் சத்தம் போட அவரால் முடியவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். அருமைக்காரர் அட்சதை போட்டு, "நூறு வருசம் நல்லாருக்கோணும் கண்ணு" என்றார். குரல் கணீரென்று இருந்தது. பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மண்டபத்துல சாப்பாட்டு நேரமாச்சு, கெளம்புங்க" என்று அவரே விரட்டினார்.

அவர்கள் படி இறங்கிப் போனார்கள். சிஸ்டர் அவரைச் சாய்த்துப் படுக்க வைத்தார். நான் வயரைப் பெட்டியில் வைத்து மூடும் முன், "பாய்" என்றார். திரும்பினேன். "காத்துப் பத்தலீங்களே" என்றார். எப்போதும்போல மரியாதையான குரல். அப்புறம் பேசவில்லை.

ஆக்சிஜன், ஊசி, நெஞ்சை அழுத்துவது என்று எல்லாம் செய்தார்கள். பெரிய டாக்டரே அழுத்தினார். பட்டைகளைக் கட்டினேன். தாளில் வந்த அலைகள் அவர் கை அழுத்தத்தின் அலைகள். கை எடுத்தால் நேர்கோடு. எல்லாம் முடிந்ததும் அந்தத் தாளை ஜன்னலுக்குக் கொண்டு போனார். கவராயத்தை எடுக்கவில்லை. "இதுல படிக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க பாய்" என்று மடித்துக் கேஸ் ஷீட்டில் வைத்தார்.

மகன் சுவரில் சாய்ந்து அழுதான். அந்த அம்மா அழவில்லை. பெரிய டாக்டர் முன்னால் வந்து கும்பிட்டார்.

"ஒரு ஒதவி பண்ணோணுமுங்க. இன்னிக்குச் சொல்லாதீங்க."

"என்னங்க சொல்றீங்க?"

"அந்தப் புள்ள தாலி கட்டிக்கிட்டு நேரா இங்கதான் வந்துச்சு. அது கும்புட்டு எந்திரிச்சதும் இவரு போனாருன்னு தெரிஞ்சா, சனம் அதைச் சும்மா உடுமுங்களா? போற எடமெல்லாம் சொல்லிக்காட்டுவாங்க. அது புருசன் ஊட்டுக்குப் போயிச் சேரட்டும். நாளைக்கு நாங்க சொல்லிக்கறோம்."

பெரிய டாக்டர் சொன்னார்: "தேதியை நான் மாத்தி எழுத மாட்டனுங்கம்மா. சர்ட்டிபிகேட்டுல இன்னிக்கு நாள்தான் இருக்கும். ஆனா நான் போயி யாருகிட்டயும் சொல்லப் போறதில்லீங்க."

"அது போதுமுங்க."

பெரிய டாக்டர் இன்னொன்றும் கேட்டார், அதுவும் தயங்கித் தயங்கி. இருதயமா, நுரையீரலா என்று அறுத்துப் பார்த்தால்தான் தெரியும். அனுமதி தருவார்களா என்றார். அந்த அம்மா தலையை ஆட்டினார். "தெரிஞ்சு என்னங்க பண்றது? நாலு பேரு கேப்பாங்க. எதுக்கு அறுத்தாங்க, எப்ப அறுத்தாங்கன்னு பேச்சு வளரும். வேண்டாமுங்க." அவர் இரண்டாம் முறை கேட்கவில்லை. சர்ட்டிபிகேட்டில் மாரடைப்பு என்று எழுதினார். கட்டிலைச் சுற்றித் திரை இழுத்தார்கள். மண்டபத்திலிருந்து போனில் கூப்பிட்டுக் கேட்டவர்களுக்கு, "தூங்கறார்" என்று மகன் சொன்னான்.

அதற்குப் பிறகு பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வரும் விதம் மாறிவிட்டது. தலைமாட்டுக்குப் போவதற்கு முன் கால்மாட்டில் நின்று, தன் கையாலேயே போர்வையை விலக்கி இரண்டு கெண்டைக்காலையும் தொட்டுப் பார்ப்பார். அனுமதி கேட்பதில்லை. "இப்பெல்லாம் பெரியவர் எல்லார் கால்லயும் விழுந்துட்டுத்தான் ரவுண்ட்ஸை ஆரம்பிக்கிறார்" என்று பயிற்சி டாக்டர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒருநாள், நான் எதுவும் கேட்காமலே சொன்னார்: "அன்னிக்கு ஒரு சத்தம் போட்டிருக்கலாமுங்க பாய். பொண்ணு என்ன நெனைக்குமோன்னு பாத்தன்." வேறொரு நாள், "மொதல்ல அவரைப் படுக்கப் போட்டதே நான்தானுங்களே" என்றார். அவர் இப்போது இல்லை.

அந்தக் காய்ச்சலைத் தனியாகவும் மாரடைப்பைத் தனியாகவும் காலில் கட்டிய ரத்தத்தைத் தனியாகவும்தான் நாங்கள் அன்று பார்த்தோம். சுவாசக் கிருமிக் காய்ச்சல் வந்தவர்களுக்கு அடுத்த சில நாட்களில், வாரங்களில், ரத்தம் உறைவதும் மாரடைப்பும் கூடுதலாக வரலாம் என்று பிற்பாடு நூலகத்தில் படித்தேன். அப்போதே தெரிந்தவர்கள் எங்கோ இருந்திருப்பார்கள். எங்கள் வார்டுக்கு அது வந்து சேரவில்லை. நெஞ்சில் எது அடைத்திருந்தாலும் வேர் அந்தக் காய்ச்சலில்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அந்த ஐப்பசியில் தேறி வீட்டுக்குப் போன மற்றவர்களில் எத்தனை பேர் ஊரில் போய் விழுந்தார்களோ, யாரும் தேடிப் போய்க் கேட்கவில்லை.

மூன்று வருஷம் கழித்து அந்த அம்மா சர்க்கரைக்கு மருந்து வாங்க வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார்.

"நல்லாருக்கறீங்களா பாய்?"

"நல்லாருக்கேம்மா. அந்தப் பொண்ணு?"

"கொழந்தை பொறந்திருக்குதுங்க, பையன். அவரு பேரையே வச்சிருக்குது." குரலைத் தாழ்த்தினார். "அடுத்த நாள் காலைல போனாருன்னுதான் இன்னிக்கும் நெனச்சுக்கிட்டிருக்குது. ஊரும் அப்படித்தான். அந்த நாள்லயே வந்து சோறு போட்டுட்டுப் போவுது. நான் மட்டும் மொத நாளே ஒரு வெளக்குப் பத்த வச்சர்றன்."

தோட்டத்தில் அவருக்கு நினைவுக் கல் நடப் போகிறோம், ஒருநாள் வாங்க பாய் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் போகவில்லை. பவானி வழியாகப் பல தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன், இறங்கியதில்லை. அவர் இறந்தது இருதயத்தாலா, நுரையீரலாலா என்பது எனக்கு உறுதியாகத் தெரியாது, இனி யாருக்கும் தெரியப் போவதில்லை. கல்லில் எந்தத் தேதியைச் செதுக்கினார்கள் என்பதைப் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். நான் இன்னும் பார்க்கவில்லை.